ஓரத்தில் நின்றவள்

குழந்தை தவழத் தொடங்கியதும் தமயந்தி கபடி மைதானத்துக்குத் திரும்பினாள். முன்பு அவள்தான் அணியின் வேகமான ரெய்டர். தினமும் ஓடியும் கர்ப்பகாலத்தில் ஏறிய எடை பாதிகூட இறங்கவில்லை. முதல் ரெய்டிலேயே மூச்சு வாங்கிப் பிடிபட்டாள். தலைகுனிந்து கிளம்பியவளைக் கேப்டன் சகாயராணி நிறுத்தினாள்.

"ரெய்டு இருக்கட்டும்க்கா. இன்னைக்கு ஓரத்துல நின்னு பிடிங்க."

எதிரணிப் பெண் பாடிக்கொண்டு வந்தாள். தமயந்தி அவள் கணுக்காலைப் பற்றி மண்ணோடு அமர்ந்துவிட்டாள். அந்தப் பெண் துள்ளினாள், இழுத்தாள். அசைக்க முடியாமல் மூச்சை விட்டு, மல்லாந்து கிடந்து சிரித்தாள்.

"மலை மாதிரி உட்காந்துட்டீங்களேக்கா."

தமயந்திக்கும் சிரிப்பு வந்தது. வெளியே கணவன் தோளில் குழந்தை பசித்து அழுதது. ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றான்.

"பால் குடுத்துட்டு இன்னொரு ஆட்டம்," என்றாள்.