பத்தாவது வரி

"கையை எடுடா, மேடம் வர்ற நேரம்" என்றாள் மெரின்.

ஜெர்ரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். சும்மா இருக்க முடியாமல் அது தலையைச் சொறிந்தது.

"பத்து வரியும் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்க்கா."

"பேரு?"

"ஒம்பதாவது வரியில. முதல்லயே பேரைப் பாத்தா மேல படிக்க மாட்டாங்கன்னு நீதானே சொன்ன?"

முத்தியால்பேட்டையில், பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கித் தரும் அலுவலகம் அது. அக்கா மெரின் தட்டச்சு செய்தாள். தம்பி ஜெர்ரி புரோகிராம் எழுதினான். இருவருக்கும் மேலே புஷ்பமேரி மேடம்.

மேடத்திடம் சொந்த விஷயம் பேச யாராலும் முடிந்ததில்லை. இரண்டாவது வார்த்தையிலேயே "வேலையைப் பாருங்க" என்று வெட்டிவிடுவார். கோயிலிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடுவார், பாட்டு முடிந்ததும் நோட்டை மூடிக்கொண்டு போய்விடுவார்.

ஒன்றை மட்டும் கடைசிவரை படிப்பார். தினமும் காலையில் முந்தைய நாள் பத்திரங்களை அச்சுக்கு ஒழுங்கு செய்யும் புரோகிராமை அவர்தான் ஓடவிடுவார். நாலு நிமிடம். 'பிறப்புப் பத்திரம் முடிந்தது', 'திருமணப் பத்திரம் முடிந்தது' என்று கறுப்புத் திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் உதடு அசைய வாசிப்பார். நடுவில் எழுந்ததே இல்லை.

அந்த வரிகளுக்குப் பதிலாக மனதில் இருப்பதைப் போட்டுவிடலாம் என்பது ஜெர்ரியின் யோசனை. "நல்ல விஷயத்தைக் கறுப்புலயா சொல்லுவ?" என்று மெரின் கேட்டதால், ஒரு வாரம் உட்கார்ந்து நீல நிறத்தில் ஒரு விண்டோ செய்திருந்தான். அடியில் ஒரே ஒரு வரி. அது மாறிக்கொண்டே போகும்.

மேடம் வந்து உட்கார்ந்தார்.

"இதென்ன நீலமா?"

"புதுசு மேடம்."

"ஓடுமா?"

"ஓடும் மேடம்."

பொத்தானை அழுத்தினார். 'தொடங்குகிறது' என்று வந்தது. அக்காவும் தம்பியும் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

"இப்ப மூணாவது வரி ஓடும்" என்று கிசுகிசுத்தாள் மெரின். "'வேலை நேரத்துல சொல்றதுக்கு மன்னிக்கணும்.'"

"நாலு. 'கோயில்ல உங்க பக்கத்துல நின்னு பாடறப்ப சுருதி தப்பறது தொண்டைக் கோளாறு இல்ல.'"

மெரின் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, அந்த வரிக்குக்கூட சிரிக்கலை?"

"ஜெர்ரி" என்றார் மேடம். "தொடங்குகிறதுன்னே நிக்குதே. ஹேங் ஆயிடுச்சா?"

ஜெர்ரிக்குக் காரணம் புரிந்தது. சோதித்துப் பார்த்தபோது வரிக்கு வரி ஒரு 'சரி' பொத்தான் வைத்திருந்தான். அதை அழுத்த அழுத்த எழுத்து மாறியது. இன்று காலை அழகுக்காகப் பொத்தானைத் தூக்கிவிட்டான்.

"போச்சுக்கா. மெஷின் வேலையில மூழ்கிட்டா எழுத்தை மாத்திக் காட்டாது. நடுநடுவுல மூச்சு விடுன்னு நாமதான் சொல்லணும். நான் சொல்லலை."

"அப்ப எதுவுமே தெரியாதா?"

"வேலை முடிஞ்சதும் கடைசி வரி மட்டும் தெரியும்."

"பேரு ஒம்பதுல இருக்கேடா. நிறுத்து."

"நடுவுல நிறுத்தினா நேத்து செஞ்ச பத்திரமெல்லாம் போயிடும்."

"என் மானம் போகுதே."

"உன் மானமா? அடிச்சவன் நான்."

அதற்குள் எழுத்து மாறிவிட்டது. மேடத்தின் உதடுகள் அசைந்தன.

'சம்மதம்னா, கல்யாணத்தைச் சின்னதா வெச்சுக்கலாம்.'

இன்னொரு முறை அசைந்தன. மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஜெர்ரி, இங்க வா. இது யார் வேலை?"

"நான்தான் மேடம் அடிச்சேன். இதுக்கு முன்னாடி ஒம்பது வரி இருக்கு. அதெல்லாம் தெரியாமப் போயிடுச்சு."

"ஒம்பது வரி இருந்தா மட்டும்? எனக்கு அம்பத்திரண்டு வயசு. உனக்கு இருபத்தாறு. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம்" என்றான் ஜெர்ரி. "எங்கப்பா லூயிசுக்கு அம்பத்தெட்டு. பேசத் தைரியம் வராம, கீழ சைக்கிளைப் பிடிச்சுகிட்டு நிக்கறாரு."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினார்.

"மெரின், உங்கப்பாவை மேல வரச் சொல்லும்மா. ஜெர்ரி, அவர் படி ஏறி வர்றதுக்குள்ள அந்த ஒம்பது வரியையும் காட்டு."