துளசிமணியின் நடை

மின்கம்பத்திலிருந்து விழுந்ததில் லைன்மேன் ரங்கராசுவின் கால்கள் செயலிழந்தன. மருத்துவர்கள் மனைவி துளசிமணியின் நடையைப் பதிவெடுத்து, ஒரு நரம்புக் கருவி வழியே அவற்றில் ஏற்றினார்கள். அன்றுமுதல் அந்தக் கால்கள் அவளைப் போலவே ஈரத்தரையில் பதுங்கிப் போயின. தெருநாயைக் கண்டால் நின்றுவிட்டன. ஊர் சிரித்தது, அவனும்தான்.

ஆனாலும் கம்பம் ஏறாமல் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இன்று வேலைக்குத் திரும்பினான். ஏணியின் மூன்றாம் படியிலேயே கால்கள் வெடவெடத்தன. துளசிமணிக்கு முக்காலியில் ஏறுவதென்றாலே பயம். அவன் பிடித்துக்கொண்டால்தான் ஏறுவாள்.

"ஏனுங்க, என்ற பயமெல்லாம் உங்க காலுக்கு வந்திருச்சுங்க. எறங்கீருங்க," என்று கீழே நின்று கெஞ்சினாள்.

ரங்கராசு ஒரு கையால் ஏணியைப் பற்றிக்கொண்டு, மறுகையால் தன் முழங்காலைத் தடவிக்கொடுத்தான்.

"நாந்தான் புடிச்சிருக்கறேன்ல அம்மிணி, ஏறு."

கால்கள் அவனை நம்பி ஏறின.