அசையாத சகோதரி

“இந்தச் சகோதரியைப் பாருங்கள்!” என்று கிசுகிசுத்தார் முனைவர் நிதின். மைக்கில் கிசுகிசுத்ததால் கோவளம் மாதா கோயில் தெருவுக்கே கேட்டது.

ரெஜினா கண்ணைத் திறக்கவில்லை.

முனைவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். கிறிஸ்தவத் தியானத்தில், அதிலும் மௌனத்தில், பட்டம் வாங்கியவர். மௌனத்தின் மகிமையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி முடித்துவிட்டுத்தான் மற்றவர்களை வாயை மூடச் சொன்னார்.

ரெஜினா தியானத்துக்கு வந்தவளே அல்ல. காலையில் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து மகள் ஷாரோனுக்குத் தலையில் அடி. பத்து மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மண்டிபோட்டு, ‘மாதாவே, மாதாவே’ என்று அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் இரண்டு முறை வந்து அதட்டினாள்.

“இன்னாடி இது? நீ இப்டி கத்திகினு இருந்தா உள்ள டாக்டருக்கே கை உதறும். கோயில்ல போய் குந்து. எதுனா தெரிஞ்சா சொல்றேன்” என்று புருஷன் ஸ்டான்லி பஸ் ஏற்றிவிட்டான்.

கோயிலில் அழலாம் என்று வந்தால், இங்கேயும் சத்தம் போடக்கூடாதாம்.

‘மாரநாதா’ என்ற ஒரே சொல்லை மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டுமாம். ‘ஆண்டவரே வாரும்’ என்று அர்த்தமாம். தமிழில் சொன்னால் ஆழம் போதாதாம்.

தொண்டை கிழியக் கூப்பிட்டே திரும்பிப் பார்க்காதவர், வாயை மூடினால் வந்துவிடுவாரா?

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. கடைசி வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

மாரநாதா. மாரநாதா.

நாற்பது நிமிடம். முன்வரிசையில் பங்குப் பேரவைத் துணைத்தலைவர் குறட்டை விட்டார். மாதா சபைப் பெண்கள் கொசு அடித்தார்கள். ரெஜினாவின் இமைகூட ஆடவில்லை.

“உலகத்தையே உதறிவிட்டார்! இந்த நிலைக்கு வர எனக்குப் பன்னிரண்டு வருடம் பிடித்தது” என்றார் முனைவர்.

குறட்டை நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இடுப்பில் செருகியிருந்த போன் நாலாவது தடவையாக அதிர்ந்துகொண்டிருந்தது.

ஸ்டான்லிதான். முதல் தடவையே அவளுக்குத் தெரியும்.

எடுக்காத வரைக்கும் ஷாரோனுக்கு ஒன்றும் ஆகவில்லை.