கட்டுப் போடாத கால்

விசில் ஊதியாயிற்று. பாக்யலட்சுமியின் கண் எதிரே நின்ற சத்யாவின் இடது முட்டியை விட்டு நகரவில்லை.

கட்டு இருந்ததென்னவோ வலது முட்டியில். காலையில் பாத்ரூமுக்குள் நின்று அதை இறுக்கிச் சுற்றிவிட்டதே பாக்யலட்சுமிதான்.

வலிப்பது இடது கால். போன வாரம் செந்துறை ரோட்டில் வண்டியோடு விழுந்ததில் முட்டி பிசகிவிட்டதாம். நல்ல காலில் கட்டுப் போட்டால் பிடிக்க வருகிறவள் அதையே குறிவைப்பாள், வலிக்கிற கால் தப்பிக்கும். யோசனையும் சத்யாவுடையதுதான்.

"உங்கிட்ட மட்டுந்தான்டி சொல்றேன். மாஸ்டருக்குக்கூடத் தெரியாது."

இருவரும் ஒரே எடை. கடைசியில் நீயும் நானுமே மோதும்படி ஆனால் என்ன செய்வது என்று கேட்டுச் சிரித்தார்கள்.

ஆகிவிட்டது.

அரியலூர் மாவட்டக் குஸ்தித் தேர்வு. இந்த எடையில் ஒரே ஒருத்திதான் மாநிலப் போட்டிக்குப் போவாள். தோற்றால் காலேஜும் கிடையாது குஸ்தியும் கிடையாது, தை பிறந்ததும் விக்கிரமங்கலத்து மாமனுக்குக் கழுத்தை நீட்டு என்று பாக்யலட்சுமியின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். இதில் சிநேகமாவது மண்ணாங்கட்டியாவது!

மாஸ்டர் ராசாங்கம் ஒரு மாதமாகத் தொண்டை கிழியக் கத்திச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். காலைப் பிடிக்க வந்தால் இரண்டு காலையும் பின்னால் எறி, இடுப்பை இறக்கு, உன் மொத்தப் பாரத்தையும் அவள் முதுகில் போடு.

"எந்தக் காலுக்கு வரணும்னு அவ முடிவு பண்ணக் கூடாது. நீ முடிவு பண்ணணும்!"

பாக்யலட்சுமி பெரிதாகத் தலையாட்டினாள். பக்கத்தில் நின்ற சத்யா ஆட்டவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது சத்யா இடது காலை இழுத்து இழுத்து வட்டமடித்தாள். கட்டுப் போட்ட கால் முன்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பிடித்திருந்தால் அது குஸ்தி.

பாக்யலட்சுமி அதைத் தொடவில்லை. ஒடிந்தால் ஒடியட்டும் என்று தோளை இறக்கி இடது முட்டியை நோக்கிப் பாய்ந்தாள்.

அங்கே முட்டி இல்லை.

நொண்டிக்கொண்டிருந்த கால் விசுக்கென்று பின்னால் போயிருந்தது. சத்யாவின் பாரம் முழுக்க முதுகில் விழ, பாக்யலட்சுமியின் மூக்கு விரிப்பில் நசுங்கியது. அப்புறம் புரட்டல், அமுக்கல். இரண்டு தோளும் தரையில் பட, மறுபடி விசில்.

"அட்றா சக்க! இதத்தான புள்ள ஒரு மாசமாக் கத்துறேன்!" ராசாங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

சத்யா துள்ளி எழுந்தாள். நொண்டலாவது ஒன்றாவது! கை கொடுத்துத் தூக்கிவிட்டு, தோளைக் கட்டிக்கொண்டு, காதோரம் மெதுவாகச் சொன்னாள்.

"கட்டுப் போட்ட காலுக்கு வந்திருந்தீன்னா விட்டுக் குடுத்திருப்பேன்டி. எனக்கென்ன, அடுத்த வருஷம் போயிருப்பேன். உனக்குத்தான் மாமன் காத்துக்கிட்டிருக்கான்."

அதோடு விட்டாளா பாவி?

சாயந்தரம் செந்துறை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சத்யா மட்டும் முன்னாலேயே ஏறி, முட்டியில் சுற்றியிருந்த கட்டுத் துணியைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்து, பாக்யலட்சுமிக்கு இடம் பிடித்திருந்தாள்.