கடைசி அறையின் பதில்

மழைத் தண்ணீர் எறும்புப் புற்றுக்குள் இறங்கிவிட்டது.

"எந்தெந்த அறையில தண்ணின்னு முதல்ல கேட்டு வாங்க. அந்த அறை முட்டைகளை மட்டும் மேலே தூக்குவோம்" என்றார் மேஸ்திரி எறும்பு. ஆட்கள் கேட்டு வந்தார்கள்.

செல்லி எறும்பு மேஸ்திரியிடம் ஓடிவந்தாள். அவள் முட்டைகள் கடைசி அறையில் இருந்தன.

"அண்ணே, கடைசி அறைக் காவலாளி என்ன சொன்னான்?"

"கூப்பிட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் சொல்லலை. தண்ணி வந்திருந்தா கத்தியிருப்பானே! அந்த அறையை விட்டாச்சு, தாயி."

"முழுகிப்போனவன் எப்படிண்ணே கத்துவான்?"

செல்லி கீழே ஓடினாள். கழுத்தளவு தண்ணீர். ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு, மற்றவற்றைத் தூக்க ஆள் தேடி மேலே ஓடிவந்தாள்.

"தண்ணி இருக்கா?" என்றார் மேஸ்திரி.

வாயில் முட்டை. கீழே வைத்தால் மிதிபட்டுவிடும். உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட நின்றாள் செல்லி.

"பாருங்க, இவளும் ஒண்ணும் சொல்லலை" என்று மேஸ்திரி அடுத்த அறைக்கு நடந்தார்.