பல் இல்லாத இலை

விதை ஊன்றிய நான்காம் நாள் காலையில் தோங்பை போட்ட சத்தத்தில், பக்கத்து வீட்டுச் சேவல் பாதிக் கூவலில் நிறுத்திக்கொண்டது.

முளைத்துவிட்டது.

ஐஸ் காப்பி குடித்துவிட்டுக் கழுவி வைத்த மூன்று பிளாஸ்டிக் கோப்பைகள். அதில் முதல் கோப்பையில், தேங்காய் நார்த்தூளை முட்டித் தள்ளிக்கொண்டு பச்சையாக ஒன்று நின்றது.

அறுபத்திரண்டு வயதில் மனிதர் கொல்லையில் ஒரு குதி குதித்தார். இடுப்புத் துண்டு நழுவியது பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் வெட்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அவர் மனைவி பிக்குன், பசையரிசி வேகும் அடுப்பை விட்டு அசையவில்லை. தன் இரண்டு பிரசவத்துக்கும் இந்த ஆள் இப்படிக் குதித்ததாக அவளுக்கு ஞாபகம் இல்லையாம்.

"முப்பது வருஷத்துல உங்க சட்டைய ஒரு தடவ நீங்க தொவச்சதில்ல. தேங்கா நாரப் பதினோரு தடவ அலசுறீங்க."

அலசியது உண்மைதான். முதல்முறை வளர்ப்பவர்களுக்கு மண்ணைவிட நார்த்தூள்தான் தோது, வேர் நன்றாக மூச்சுவிடும் என்று விதைக்கடைப் பெண் சொல்லியிருந்தாள். ஆனால் அதில் உப்பு இருக்கும், தேநீர் நிறம் போகும்வரை அலசுங்கள் என்றாள். ஆறாவது தடவையே தண்ணீர் தெளிந்துவிட்டது. இவர் மனசு தெளிய இன்னும் ஐந்து தடவை ஆனது.

வீட்டில் கஞ்சா வளர்க்கலாம் என்று தாய்லாந்து அரசு சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சகோன் நகோன் சந்தையில் நேற்றுவரை கத்தரி நாற்று விற்றவர்கள்கூட இன்று கஞ்சா நாற்று விற்றார்கள். தோங்பைக்கு அதெல்லாம் வேண்டாம். பூபான் மலையில் முன்பு விளைந்த செந்தண்டு ஜாதிதான் வேண்டும்.

அது மலையில் அற்றுப்போய்ப் பல வருடம். மேகாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், லாவோஸில், முன்பு அந்த மலையில் பயிர்செய்த கம்சிங்கின் அக்கா மட்டும் வேலியோரம் வைத்திருந்தாள். போன மழைக்காலத்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் இருந்தது கம்சிங்கிடம் மூன்றே விதை.

கம்சிங் வாசலில் தோங்பை நான்கு தடவை போய் நின்றார். மூன்று தடவை கதவு திறக்கவில்லை. நான்காம் தடவை கம்சிங் உள்ளே போய், மூன்றையும் வாழையிலைத் துண்டில் மடித்துக் கொண்டுவந்து கையில் வைத்தார். இவை பட்டுப்போனால் ஜாதியே பட்டுப்போனது.

தோங்பை மண்டியிட்டு முளையை உற்றுப் பார்த்தார்.

சந்தோஷம் மெல்ல வடிந்தது.

இரண்டே இலை. உருண்டையாக, வழவழவென்று, கீரை நாற்று மாதிரி இருந்தது. ஓரத்தில் ஒரு பல்கூட இல்லை.

கஞ்சா இலை எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விரல் விரித்த கை மாதிரி இருக்கும், ஓரமெல்லாம் ரம்பப் பல். ஓடுகிற வண்டியில் இருந்தபடியே, மூங்கில் புதருக்குப் பின்னால் நிற்பதைக்கூடக் காட்டிக்கொடுப்பார். இது அது இல்லை. நார்த்தூளோடு வந்த ஏதோ களை. விதைக்குப் போக வேண்டியதை இது தின்றுகொண்டிருக்கிறது.

யோசித்து முடிப்பதற்குள் கை வேலையை முடித்துவிட்டது. கழுத்தைப் பிடித்து வேரோடு இழுக்கிற வித்தை அந்தக் கைக்குத் தலைகீழ்ப் பாடம்.

நூல் மாதிரி வெள்ளை வேர். அதில் ஒட்டிக்கொண்டு வந்த நாரில், பாதியாகப் பிளந்த விதை ஓடு. பழுப்பில் வரி வரியாக இருந்தது.

வாழையிலையில் மடித்து வந்த அதே வரி.

தோங்பை முளையை உள்ளங்கையில் ஏந்தி, பிக்குன் பார்க்கிறாளா என்று திரும்பினார்.

அந்த நேரம் பார்த்துத்தானா கம்சிங் படலைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும்! விதை ஊன்றிய நாளிலிருந்து தினமும் காலையில் வருகிறார். செடிக்குத் தேங்காய் மெத்தை போட்டுப் படுக்கவைத்த ஊர் உலகத்தில் உண்டா என்று கேட்டுவிட்டுப் போவார். இன்று கேட்கவில்லை. தோங்பையின் உள்ளங்கையைப் பார்த்தார்.

குந்தினார். பல்குத்தும் குச்சியால் நார்த்தூளில் ஒரு குழி போட்டார். வேரை அதில் இறக்கி, சுண்டுவிரலால் சுற்றிலும் அணைத்து, வாயில் நீர் கொப்பளித்துப் பூப்போலத் தூவினார். வேர் அறவில்லை, அதனால் பிழைத்துக்கொள்ளும் என்றார். தோங்பை அதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். கம்சிங் திரும்பவும் சொன்னார்.

அப்போது இரண்டாவது கோப்பையில் நார்த்தூள் லேசாக விரிந்தது.

இரண்டு கிழத் தலைகளும் ஒரே நேரத்தில் குனிந்து முட்டிக்கொண்டன. வளைந்த வெள்ளைக் கழுத்து ஒன்று தலையைக் கிளப்ப முக்கிக்கொண்டிருந்தது. தோங்பை பல்லைக் காட்டிச் சிரித்தார், கண்ணில் நீரும் வந்தது. தானாகவே கை நீண்டதைப் பார்த்துப் பயந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கம்சிங்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாத்துல இது எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும், ஏட்டய்யா? எங்க மலைக்கு நீங்க வந்ததெல்லாம் அறுப்புக்கு மொத நாள்தானே, மண்ணெண்ணெயோட."