கழன்ற செயின்

சிவா என்ற பாலைவனச் சோலை ஊரில், ஷாலி கோட்டையைச் சைக்கிளில் மூன்றாவது முறையாகச் சுற்றி வந்தாள் ஒருத்தி. அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, புழுதிக்காக மூக்குவரை துணி.

"அந்த வெளிநாட்டுக்காரி என்னமா ஓட்டுறா பாரு," என்றான் டீக்கடையில் இருந்த யூனிஸ்.

"நம்ம பொம்பளைங்களும் ஓட்டலாமே," என்றான் நண்பன் ஹம்மூதா.

"கழுதை வண்டியில ஏறவே கை கொடுக்கணும். அவளுங்களுக்குச் சைக்கிள் ஒண்ணுதான் கேடு. விழுந்து வாரிக்கிட்டா ஊரே சிரிக்கும்."

அதற்குள் செயின் கழன்று, கடைக்கு எதிரிலேயே இறங்கி நின்றாள் அவள். யூனிஸ் ஓடிப்போய் மாட்டிக்கொடுத்தான். அவள் ஏறும்வரை சைக்கிளையும் பிடித்துக்கொண்டான். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, குளத்துப் பக்கம் பறந்தாள்.

சாயங்காலம் வீட்டில் மனைவி நஜாத்திடம் பெருமையாகச் சொன்னான். "கழன்ற செயினை நான்தான் மாட்டிக்கொடுத்தேன்."

"சரியா மாட்டல. குளத்துக்கிட்ட மறுபடியும் கழண்டுடுச்சு."

யூனிஸ் நிமிர்ந்தான். மாடியில் வாடகைக்குத் தங்கியிருக்கும் பெல்ஜியக்காரியின் அகலத் தொப்பியைப் புழுதி போகத் தட்டி, ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள் நஜாத்.

"நாளைக்குத் தொப்பி இல்லாம வருவேன். அப்பவும் இதே மாதிரி ஓடிவந்து பிடிக்கறீங்களான்னு பாக்கறேன்."